எந்தப் பாகத்தை எடுக்கிறோம்? குமரி மண்ணின் செடிகளும் ஊரின் நிலைத்த வாழ்வும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பும் பழக்கம் பரவுவதற்கு முன் பெரும்பாலான புரையிடங்களுக்கு, அதாவது வீட்டோடு சேர்ந்த தோட்டங்களுக்கு, உயிர்வேலிதான் காவல். நொச்சி, ஆடாதோடை, கிளுவை என்று கம்பை ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும் செடிகளாகப் பார்த்து வைப்பார்கள். நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு மாடு மேயாது என்பதால் அவை வேலிக்குத் தோதானவை. சளி பிடித்தால் அந்த வேலியிலிருந்தே நொச்சி இலையைப் பறித்து வேது பிடிப்பார்கள். அந்தியில் கொசு மொய்த்தால் அதே இலையைப் போட்டுப் புகைப்பார்கள். நெல்லில் பூச்சி விழாமலிருக்கக் காய்ந்த நொச்சியிலையைப் பத்தாயத்தில் போட்டு வைப்பார்கள். இருமலுக்கு ஆடாதோடை இலைக் கஷாயம். வேலி அடர்ந்து வளர்ந்தால் தறித்து, அந்தத் தழையை வயலில் மிதித்து உரமாக்குவார்கள்.

மருந்துத் தோட்டம் போட வேண்டும் என்று யாரும் அந்தச் செடிகளை நடவில்லை. வேலி தேவைப்பட்டது, நட்டார்கள். மருந்தும் உரமும் கொசுவிரட்டியும் கூடவே கிடைத்தன. பிறகு மதில் வந்தது. வேலி போனதோடு அந்த இலைகளும் போயின, எந்த இலையை எதற்கு எடுப்பது என்று பிள்ளைகள் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் போயிற்று. இன்று அதே ஆடாதோடையைப் பொடியாக நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நிலைத்த வாழ்வு, நீடித்த பயன்பாடு என்றெல்லாம் கூட்டங்களில் பேசப்படும் விஷயம் இதுதான். ஓர் ஊர் தன்னைச் சுற்றி வளர்வதைப் பயன்படுத்தி வாழ வேண்டும். அதே சமயம் அடுத்த தலைமுறைக்கும் அது அங்கே நிற்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் அந்த ஊரின் வாழ்வு நிலைத்தது. பூர்விகச் செடிகளைப் பொறுத்தவரை இதற்கு நான்கு காரியங்கள் தேவைப்படுகின்றன. செடி இருக்க வேண்டும். அதன் பயனை அறிந்தவர்கள் இருக்க வேண்டும். எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இருக்க வேண்டும். எடுப்பவருக்கு அதில் ஏதாவது கிடைக்கவும் வேண்டும். நான்கில் ஒன்று நழுவினால் மற்ற மூன்றும் மெல்ல மெல்லக் கைவிட்டுப் போகும்.

புதிதாக இதைப் பற்றி யோசிப்பவர்கள் செடியைக் காப்பது என்றால் அதைத் தொடாமல் விட்டுவிடுவது என்று நினைக்கிறார்கள். காட்டுக்குள் சில செடிகளுக்கு அது சரிதான். ஊருக்குள் நிலைமை வேறு. ஊருக்குள் யாருக்கும் பயன்படாத செடியை வெட்டிவிடுவார்கள். அளவில்லாமல் பயன்படும் செடி வெட்டாமலே தீர்ந்துவிடும். இந்த இரண்டு வகைக்கும் குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய மலையிலும் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்தே விளக்கிவிடலாம்.

மண்ணின் செடி எது?

மனிதர் கொண்டுவராமல் ஒரு பகுதியில் தானே தோன்றி, அங்குள்ள மண்ணுக்கும் மழைக்கும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பழகிப்போன செடியைப் பூர்விகச் செடி என்கிறோம். குமரி மாவட்டம் பரப்பில் சிறியது. ஆனால் கடற்கரை, நாஞ்சில்நாட்டு வயல், மலையடிவாரம், பசுமைமாறாக் காடு என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. குலசேகரம் பக்கம் ஈரம் காயாமல் கிடக்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் வறண்ட காற்று அடிக்கும். அதனால்தான் மிளகும் பனையும் ஒரே மாவட்டத்தில் நிற்கின்றன.

மலைப்பக்கம் நல்லமிளகு, பலா, ஆயினி, குடம்புளி, வயணை. வெளிப்பக்கம் நொச்சி, நன்னாறி. கடலோரம் புன்னை, தாழை. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்தி மரங்கள். இவையெல்லாம் இந்த மண்ணுக்கு உரியவை.

நாம் அன்றாடம் பார்க்கும் பலவும் வெளியிலிருந்து வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பரின் பூர்விகம் பிரேசில். மரச்சீனி, அதாவது மரவள்ளி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கொல்லாமரம் என்கிற முந்திரியைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு, இந்தோனேசியத் தீவுகளில் பிறந்த மரம். இவற்றை எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வராமல் நின்றதும் திருவிதாங்கூர் மக்களைப் பட்டினியிலிருந்து காத்தது மரச்சீனிக் கிழங்குதான். ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே வந்தேறி மரமாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே முன்பு நின்ற ஐம்பது வகைச் செடிகளும் அவற்றை அறிந்த ஆட்களும் ஒரே நேரத்தில் இடமிழக்கிறார்கள்.

மார்த்தாண்டத்துத் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது அந்தத் துளிர்களின் காம்பில் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீக்கள் அதைத்தான் பெரும்பகுதி எடுத்துத் தேனாக்குகின்றன. மரம் வந்தேறி. பெட்டிக்குள் இருப்பதோ நம் நாட்டு அடுக்குத் தேனீ. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் ஒரு நச்சுயிரி நோய் பரவி ஏராளமான கூடுகள் அழிந்தன. தேன் வளர்ப்பவர்கள் அதிலிருந்து பாடுபட்டு மீண்டு வந்தார்கள். சரி, ரப்பர் துளிர்க்கும் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறதே, மீதி வருடம் தேனீ எதைத் தின்னும்? தென்னம்பாளை, புன்னைப்பூ, நொச்சிப்பூ, வேலியில் பூக்கும் சின்னச் சின்னச் செடிகள். அவை இல்லாத இடத்தில் சர்க்கரைப்பாகு கரைத்து ஊற்ற வேண்டியிருக்கிறது. வந்தேறி மரத்தால் வரும் வருமானத்தையும் ஓரளவு பூர்விகச் செடிகள்தான் தாங்கிப் பிடிக்கின்றன.

இலையா, வேரா?

ஒரு செடியின் பயன்பாடு நீடிக்குமா என்று பார்க்க முதலில் கேட்க வேண்டியது எந்தப் பாகத்தை எடுக்கிறோம் என்பதை. வேறு எந்தக் கணக்குக்கும் முன் இதைக் கேட்டுவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பழத்தையும் விதையையும் எடுத்தால் தாய்ச்செடிக்குச் சேதமில்லை. ஆனால் எல்லாப் பழத்தையும் எடுத்தால் அடுத்த கன்று முளைக்காது. இலையைப் பறித்தால் செடி திரும்பத் துளிர்க்கும், கொழுந்தை விட்டுவைத்தால் போதும். பட்டையை உரிப்பதில் கவனம் வேண்டும். சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் கீற்றாக எடுத்தால் ஆறிவிடும். தண்டை வெட்டினாலும் வேரைத் தோண்டினாலும் பெரும்பாலும் அந்தச் செடியோடு கதை முடிந்தது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது அது.

வயணை இலையைப் பாருங்கள். எங்கள் பக்கம் தெரளி இலை என்றும் சொல்வார்கள். கறுவாவின் உறவு. திருக்கார்த்திகைக்கு அரிசிமாவும் கருப்பட்டியும் பிசைந்து அந்த இலையில் சுருட்டி அவித்தால் வீடு முழுக்க வாசம் நிற்கும். வருடத்தில் சில நாட்கள் இலை பறிப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்படுகிற மரம் என்பதால் புரையிடத்தின் ஓரத்தில் விட்டுவைக்கவும் செய்கிறார்கள். அதே மரத்தின் பட்டையை மசாலாவுக்காக மொத்தமாக உரிக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

நன்னாறியில் வேர்தான் சரக்கு. சர்பத்துக்கும் கஷாயத்துக்கும் வேரைத் தோண்டுகிறார்கள். மெல்லிய கொடி, மெதுவாக வளர்வது. கிளைவேரில் கொஞ்சத்தை மண்ணுக்குள் விட்டு மூடினால் திரும்பத் தளிர்க்கும். வழக்கமாக அந்த இடத்துக்கே திரும்பி வருபவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அடுத்த வருடமும் அவர்களுக்கு வேர் வேண்டுமே. எடை போட்டு விற்கத் தோண்டுபவருக்கு அந்த அக்கறை இருக்காது.

மரமஞ்சளின் நிலை இன்னும் மோசம். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் தடித்த கொடி அது. வெட்டினால் தண்டின் உள்ளே மஞ்சளாக இருக்கும். மருந்துக்கும் சாயத்துக்கும் அந்தத் தண்டைத்தான் கேட்கிறார்கள். பூத்துக் காய்க்கும் வயதுக்கு வரவே பல வருடங்கள் பிடிக்கும். அதற்குள் வெட்டிவிட்டால் விதையே விழாது. அதனால் தென்னிந்தியக் காடுகளில் அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது. வீட்டு வைத்தியத்துக்கு ஒரு துண்டு எடுத்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. லாரிச் சரக்கானபோதுதான் வந்தது.

யாரும் ஏறாத பனை

அளவுக்கு மீறி எடுத்து அழியும் செடிகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, எடுப்பார் இல்லாமல் அழியும் செடிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. என்னைப் பொறுத்தவரை குமரி மாவட்டத்தின் பெரிய துயரம் அங்கேதான் இருக்கிறது. பனையைச் சொல்கிறேன்.

அகத்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்து வறண்ட நிலங்களிலும் கடலோர மணலிலும் குளக்கரைகளிலும் பனை தண்ணீர் கேட்காமல் வளர்ந்தது. பனம்பூவைச் சேர மன்னர்கள் தங்கள் அடையாளப் பூவாகச் சூடினார்கள். அந்த அளவுக்குப் பழைய உறவு. 1978-ல் தமிழ்நாட்டின் மாநில மரமாகவும் அறிவிக்கப்பட்டது.

பனை பாளை விட 12 முதல் 20 வருடம்வரை ஆகும். ஆண் பனை, பெண் பனை இரண்டின் பாளையிலிருந்தும் அக்கானி எடுக்கலாம். வெளி மாவட்டங்களில் பதநீர் என்பார்கள். பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்புதான் அக்கானி புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது. இறக்கிய அக்கானியைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் காய்ச்சுவார்கள். பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சுக்கு சேர்த்தால் சுக்குக் கருப்பட்டி. அடுப்பின் அனலில் மணிக்கணக்காக நின்று கிண்டும் அந்த வேலையும் ஒரு கைத்தொழில்தான். பனை பற்றிய பேச்சில் ஏறுபவரைச் சொல்கிற அளவுக்குக் காய்ச்சுபவரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

எந்தப் பாகத்தை எடுக்கிறோம் என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். பாளையைச் சீவுவதால் மரம் சாவதில்லை, அடுத்த வருடம் திரும்பவும் பாளை வரும். ஓலையில் முற்றியவற்றை வெட்டிக் குருத்தையும் இளம் ஓலையையும் விட்டுவிடுவார்கள். கூரை வேய, வேலி அடைக்க, கடவம், பெட்டி, சுளவு, விசிறி முடைய அந்த ஓலை போதும். மட்டையிலிருந்து கட்டிலுக்கு நார். நொங்கு வேண்டுமானால் பெண் பனையில் சில குலைகளைச் சீவாமல் விட வேண்டும். அக்கானியா நொங்கா என்று பனையேறி பார்த்துப் பார்த்துத் தீர்மானிப்பார். பழுத்து விழுந்த பனம்பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் தை மாதவாக்கில் கிழங்கு. மரத்தை வெட்டாமல் பல பத்தாண்டுகள் ஒரு குடும்பத்துக்கு வருமானம் தரும் ஏற்பாடு இது. நீடித்த பயன்பாட்டுக்கு இதைவிட முழுமையான உதாரணம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் பனைகள் செங்கல் சூளைக்குப் போயின? ஏறுவது உயிருக்கு ஆபத்தான வேலை. வருடத்தில் சில மாதங்கள்தான் பருவம். விழுந்து இடுப்பொடிந்தவரின் வீட்டில் பிள்ளைகளை அந்தத் தொழிலுக்கு விட மனம் வருமா? படித்தார்கள், வளைகுடாவுக்குப் போனார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள். அது அவர்களின் உரிமை. தொழிலைச் சாதியோடு ஒட்டி இழிவாகப் பேசிய சமூகமும் அவர்களை விரட்டியது. கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. கருப்பட்டியிலோ சீனி கலந்தது மலிவாகச் சந்தைக்கு வந்து, கலப்படமில்லாமல் காய்ச்சுபவரின் விலையைக் கீழே இழுத்தது. ஏறுபவர் போனதும் மரம் நிலத்துக்காரருக்குச் சும்மா நிற்கும் தூணாகிவிட்டது. வீட்டுமனை விலை ஏறியபோது அந்தத் தூணுக்கு மதிப்பு விறகு விலைதான்.

2021-ல் தமிழ்நாடு அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் நல்லவை. குளக்கரைகளில் விதை ஊன்றும் இளைஞர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று ஊன்றும் விதை பாளை விடும்போது அதில் ஏறத் தெரிந்தவர் வேண்டும், கலயம் கட்டத் தெரிந்தவர் வேண்டும், பதம் அறிந்து காய்ச்சுபவர் வேண்டும். பாதுகாப்பான ஏறுகருவி, விபத்துக் காப்பீடு, கலப்படமில்லாத கருப்பட்டிக்கு நியாயமான விலை ஆகிய மூன்றும் இல்லாமல் விதையை மட்டும் ஊன்றுவது பாதி வேலைதான். வாங்கும் நாமும் இதில் ஓர் ஆள். கருப்பட்டிக்குப் பேரம் பேசும் முன் அதன் பின்னால் எத்தனை ஏற்றம் இருக்கிறது என்று யோசித்தால் போதும்.

அறிவு யாருடையது?

செடியும் இருக்கிறது, அறிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிவிலிருந்து வெளியே யாரோ பணம் சம்பாதித்தால் அறிந்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? இதற்கு உலகமெங்கும் எடுத்துச் சொல்லப்படும் கதை நம் மலையில் நடந்ததுதான்.

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளிலும் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டக் காடுகளிலும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். மாநிலம் இரண்டானாலும் மலையும் மக்களும் ஒன்று. குடியின் தலைவர் மூட்டுக்காணி, வைத்தியமும் சடங்கும் அறிந்தவர் பிலாத்தி. 1987-ல் அகத்தியமலைப் பகுதிக்கு விஞ்ஞானிகள் குழு ஒன்று செடிகளை ஆராயப் போனது. மலையேற்றத்தில் அவர்கள் களைத்துப்போக, வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ சிறு காய்களைத் தின்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கி, பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய்.

கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றோடு சேர்த்து ஜீவனி என்ற ஊட்ட மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்குத்தொகை. நிறுவனத்துக்கு வருவதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தைப் பெற 1997-ல் கேரளக் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் சட்டமே இல்லாத காலம் அது. அதனாலேயே பெரிதாகப் பேசப்பட்டது.

ஆனால் கதையின் இரண்டாம் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். காணிகள் தின்றது காயை. மருந்துக்குத் தேவைப்பட்டது இலை. இலையை மட்டும் பறித்தால் செடி பிழைக்கும், ஆனால் விலை தெரிந்ததும் செடியையே பிடுங்கிப் போனவர்கள் உண்டு. காட்டு மரங்களின் நிழலில்தான் அது செழித்து வளரும் என்பதால் வெளியே பயிரிடுவது எளிதாக இல்லை. காட்டுக்குள் பயிரிட்டு எடுக்க வனத்துறை தயங்கியது. காணிகளுக்குள்ளும் எல்லாக் குடியும் கலந்து பேசப்படவில்லை என்ற மனக்குறை எழுந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் காணிகளும் அதே மலையின் மக்கள், ஆனால் அறக்கட்டளை கேரளத்தோடு நின்றது. பங்கு கொடுப்பது என்ற எண்ணம் சரி. யாரைக் கேட்பது, யார் பெறுவது, செடி எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் முதலிலேயே தீர்க்காவிட்டால் நல்ல எண்ணமும் தடுமாறும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1995-ல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம். இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் பழைய ஆவணங்களைக் காட்டி வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அப்படி வாதாட எழுத்தில் இருந்த சான்று உதவியது. நொச்சி வேலியைப் பற்றி உங்கள் ஊர்ப் பாட்டிக்குத் தெரிந்தது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

செய்யக்கூடாத ஒன்று

இதைப் படித்துவிட்டு யாரும் செடி பிடுங்கி மருந்து செய்யப் புறப்பட வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர், வேலியோரத்தில் தானே படரும், பார்க்க அத்தனை அழகு. அதன் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மஞ்சள் அரளிக் காயும் அப்படியே. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் நாட்டு வைத்தியர்களும் எண்ணெய் காய்ச்சுவதையும் அளவையும் வருடக்கணக்காக உடனிருந்து கற்றவர்கள். செல்போனில் பரவும் படத்தைப் பார்த்து இலை பறிப்பது அந்த மரபுக்குச் செய்யும் மரியாதையாகாது. சமையலில் சேரும் செடிகளிலிருந்து தொடங்குவது பத்திரமானது. மட்டி வாழை ஒரு மூடு நடுங்கள். குழந்தைகளுக்குத் தலைமுறைகளாக ஊட்டிவரும் பழம், 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. பக்கத்து வீட்டுக்குக் கன்று கொடுங்கள். வேலிக்கு இடமிருந்தால் மதிலோரமாகவாவது நொச்சிக் கம்பு ஒன்றை ஊன்றுங்கள்.

ஊராகச் செய்யக்கூடியது

தனியாள் ஒரு செடி நடலாம். கட்டுப்பாட்டை ஊர்தான் வைக்க முடியும். முன்பு அந்தக் கட்டுப்பாட்டைத் தெய்வத்தின் பேரில் வைத்தார்கள். காவு என்று சொல்லப்படும் சிறு மரக்கூட்டங்களில் நாகர், சாஸ்தா, இசக்கி என்று ஒரு தெய்வம் இருக்கும். அங்கே கொம்பு ஒடிக்க யாரும் துணிய மாட்டார்கள். சுற்றிலும் தென்னையும் ரப்பரும் ஆன பிறகும் காவுக்குள் பழைய மரங்கள் தப்பி நின்றன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் கொன்றை தலமரமாக இருப்பதும் அந்த மரபுதான். இப்போது பல காவுகளில் மரத்தை வெட்டிக் கான்கிரீட் மண்டபம் எழுப்புகிறார்கள். தெய்வத்துக்குச் செய்யும் நல்லது என்று நம்பியே செய்கிறார்கள். கோயில் கமிட்டியில் உங்களுக்கு ஒரு வார்த்தை இருந்தால், மண்டபத்தை மரத்தை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

சட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அவற்றுக்கும் இது பொருந்தும். அந்தக் குழு உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஊரில் என்னென்ன செடிகள், எந்தப் பாகம், எந்த மாதம், எதற்குப் பயன், முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டியவை. உள்ளூர் மக்களும் நாட்டு வைத்தியர்களும் தங்கள் வழக்கப்படி செடிகளைப் பயன்படுத்தச் சட்டம் தடை போடவில்லை. வணிகத்துக்காக எடுக்கும் நிறுவனங்களிடம் பங்கு கேட்க அது வழிசெய்கிறது. அதைக் கவனிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

பதிவேடு நன்றாக அமைவதும் பெயருக்கு நிரப்பப்படுவதும் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. வயதான பனையேறி, கருப்பட்டி காய்ச்சும் அம்மா, பெட்டி முடையும் பாட்டி, வைத்தியர் ஆகியோரைத் தேடிப்போய்க் கேட்டு எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை இதில் இறக்கலாம், அவர்களுக்கு இதைவிட நல்ல தாவரவியல் பாடம் கிடைக்காது. அதே சமயம் ஒரு குடும்பமோ குடியோ ரகசியமாக வைத்திருக்கும் மருந்து முறையை அவர்கள் விருப்பமில்லாமல் எழுதக் கூடாது. ஆரோக்கியப்பச்சையைக் காட்டும் முன் அந்த இளைஞர்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது.

உங்கள் ஊராட்சியில் இந்தக் குழு இருக்கிறதா, பதிவேடு எழுதியிருக்கிறார்களா என்று கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் அது கூடுகிறது. பதிவேடு இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் விட்டுப்போன செடிகளின் பெயரோடும், அவற்றை அறிந்த பெரியவர் ஒருவரோடும் போனால் இன்னும் நல்லது.